ப்ளோவர் நிக்கக் கூடாது

"ரெண்டே நிமிஷம்தாண்டி"ன்னு சொல்லிட்டுத்தான் நான் அந்த பேனலத் தொறந்தேன். அந்த ரெண்டு நிமிஷத்த நெனச்சா இப்பவும் எனக்கு என் மேலயே எரிச்சலா வருது.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். என் பேரு ரெஜினா. ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு மாடி ரூம்ல நானும் கிருஷ்ணபிரசாத்துன்னு ஒரு ஆளும் சேந்து கண்ட்ரோல் போர்டு செய்யறோம். மோட்டார எப்ப ஓட்டணும், எப்ப நிறுத்தணும்னு உத்தரவு போடற சின்ன போர்டு. அவன் சர்க்யூட்டு போடுவான், நான் ப்ரோக்ராம் எழுதுவேன். ரெண்டு பேரும் பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்சவங்க. அவன் எது பேசினாலும் மெதுவா பேசுவான். எனக்கு வாய் முன்னாடி போவும், மூளை பின்னாடி ஷேர் ஆட்டோ புடிச்சு வரும்.

எங்க போர்டு ஒண்ணு வாயலூர் தாண்டி கடலோரமா ஒரு எறா குஞ்சுப் பண்ணையில மாட்டிக்கீது. அத்த அங்க மாட்ட வெச்சதே என் தங்கச்சி பிரிசில்லாதான். அவ செங்கல்பட்டு காலேஜ்ல விலங்கியல் படிச்சிட்டு அந்தப் பண்ணையில வேலைக்கு சேந்தவ. பெரிய பெரிய சிமெண்ட் தொட்டி, ஒவ்வொண்ணுலயும் லட்சக்கணக்குல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் எறா குஞ்சு. அதுங்க மூச்சு வுடறதுக்கு ப்ளோவர்னு ஒரு மோட்டார் ராத்திரி பகல் காத்து ஊதிக்கினே இருக்கணும். பழைய பேனல் பழுதானப்போ, "எங்கக்கா செய்யறா சார், நல்லா செய்வா"ன்னு ஓனர் பார்த்தசாரதி கிட்ட நின்னு பேசி வாங்கிக் குடுத்தா. எங்க கம்பெனிக்கு கடலோரத்துல கெடச்ச மொத வேலை அதான்.

மாட்டின கொஞ்ச நாள்லயே வாய்ஸ் மெசேஜ் வர ஆரம்பிச்சுது. "அக்கா, உன் போர்டு சொம்மா சொம்மா ஆஃப் ஆயி ஆன் ஆவுதுக்கா. மோட்டார் எடுக்கறப்ப டிஸ்ப்ளே மங்கிப் பூடுது." நான் இன்னா பதில் அனுப்பினேன் தெரியுமா? "எவளாவது ஈரக் கையோட தொட்டிருப்பா. தொடாதீங்கடி." அவ்ளோதான். அப்பால அவ அத்தப் பத்தி ரொம்ப பேசல, நானும் கேக்கல. நடுவுல, மத்ததவுட நெருக்கமா குஞ்சு வுட்டிருந்த ரெண்டாம் தொட்டியில பாதிக்கு மேல செத்துப் பூடுச்சு. தீனி அதிகமா போட்டுட்டேன்னு பிரிசில்லாவே ஓனர் கிட்ட ஒத்துக்கினாளாம். அந்த சேதி கேட்டு நான் போன்ல அவள காச்சு காச்சுன்னு காச்சினேன். படிச்ச பொண்ணுக்கு பொறுப்பு வேணாமான்னு கேட்டேன். அவ "சரிக்கா"ன்னு வெச்சிட்டா.

போன வாரம் மறுபடி கூப்டா. இந்த வாட்டி குரல் வேற மாதிரி இருந்துச்சு. நாலாம் தொட்டி குஞ்சு முழுக்க முழுக்க அவ பொறுப்புல வளத்தது. அது நல்லபடியா வித்துச்சுன்னா அந்த ஷெட்டையே அவ கையில குடுக்கறதா ஓனர் சொல்லிக்கீறாரு. இதுவும் செத்துச்சுன்னா, சேந்த புதுசுல இருந்த பாட்டில் கழுவற ரூமுக்கே மறுபடி போவணும். "வந்து பாருக்கா, இந்த ஒரு பேட்ச் எனக்கு வேணும்"னா. அவ என்கிட்ட எதுவும் கேக்கற ஆளு இல்ல.

போர்டு தானா ரீஸ்டார்ட் ஆவுதுன்னா ப்ரோக்ராம் எங்கயோ மாட்டிக்குதுன்னு நானே ஒரு முடிவு கட்டினேன். உக்காந்து புதுசா எழுதினேன். லேப்டாப்பு, ப்ரோக்ராமர், மீட்டர் எல்லாத்தையும் பைக்குள்ள போட்டுக்கினு கெளம்பிட்டேன். ப்ரோக்ராமர்னா தீப்பெட்டி கணக்கா ஒரு டப்பா. ஒரு பக்கம் லேப்டாப்புல சொருகணும், இன்னொரு பக்கம் அஞ்சு ஒயரு, அத்த போர்டுல சொருகணும். சிப்ப பேத்து எடுக்காம, போர்டுல இருக்கறபடியே உள்ள இருக்கற ப்ரோக்ராம அழிச்சு புதுச எழுதிடலாம்.

செங்கல்பட்டு வரைக்கும் ட்ரெயின். அங்க பஸ் ஸ்டாண்டுல கல்பாக்கம் பஸ் நகர்றதுக்குள்ள எனக்கு உசுரே போச்சு. ட்ரைவரு நாஸ்தா துன்னப் போனவரு திரும்பியே வரல. திருக்கழுக்குன்றத்துல ஏதோ ஊர்வலம்னு அங்க வேற நிறுத்திட்டான். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, "காலு ஆட்டாதம்மா, சீட்டே ஆடுது"ன்னு சொல்லிச்சு. நான் நிறுத்தினேன், அப்பால அதுவா மறுபடி ஆட ஆரம்பிச்சுடுச்சு.

புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்புல பிரிசில்லா ஸ்கூட்டியோட நின்னுகினு இருந்தா. எளச்சுப் போயிருந்தா. வலது உள்ளங்கையில கர்ச்சீப் சுத்தியிருந்துச்சு.

"இன்னாடி கையி?"

"தீனி பக்கெட்டு கைப்புடி அறுத்துடுச்சு. ஏறுக்கா. நாலு மணிக்கு ஓனரு குஞ்சு வாங்கறவர இட்டுகினு வராரு."

"அதுக்குள்ள உன் போர்டு புதுசா பொறந்துடும்."

"வாய் மட்டும் கொறையலடி உனக்கு"ன்னு முன்னாடி பாத்துகினே சொன்னா. அக்காவையே 'டி' போட்டுப் பேசறான்னா அவ நெஜமாவே பயந்துகினு கீறான்னு அர்த்தம்.

ஷெட்டுக்குள்ள போனா ப்ளோவர் சத்தம் காத அடச்சுது. தொட்டிங்க எல்லாம் கொதிக்கிற மாதிரி பொங்கிக்கினு இருந்துச்சு. செங்கம்மாள்னு அங்க வேலை செய்யற அம்மா தொட்டி ஓரத்த தேச்சுகினு இருந்தாங்க. பேனலு ஓரமா சுவத்துல, கடத் தண்ணி வடிகட்டற எடத்துக்குப் பக்கத்துல. மாட்டினப்போ அது எனக்குத் தப்பாவே படல.

பேனலுக்குள்ள கான்டாக்டர்னு ஒரு பெரிய சுவிட்சு. எங்க போர்டு உத்தரவு குடுத்தா அது டொக்குன்னு உள்ள இழுத்துக்கும், ப்ளோவர் ஓடும். உத்தரவு போச்சுன்னா வெளிய தள்ளிக்கும், ப்ளோவர் நின்னுடும். ஸ்டாண்ட்பை ப்ளோவருக்கும் உத்தரவு அதே போர்டுலேந்துதான். கையால ஓட்டறதுக்கு மொதல்ல ஒரு மேனுவல் சுவிட்சு வெச்சிருந்தோம். வேலையாளுங்க அத்த போட்டுட்டு மறந்துடறாங்கன்னு பிரிசில்லாதான் வேணாம்னா. எனக்கும் டப்பா பாக்க ஷோக்கா இருக்கும்னு கழட்டிட்டேன். இத்த ஞாபகம் வெச்சுக்கங்க.

ப்ரோக்ராமர சொருகினேன். லேப்டாப்புல சேப்பு எழுத்துல ஒரு எச்சரிக்கை வந்துச்சு, போர்டுல ஏற்கனவே பவர் கீதுன்னு. ஏன்னா என் லேப்டாப்புல ஒரு டிக்கு எப்பவும் போட்டே இருக்கும். போர்டுக்கு கரண்ட ப்ரோக்ராமரே குடுக்கட்டும்ங்கற டிக்கு. ஊரப்பாக்கத்துல எங்க பழக்கம் அதான். மாடி ரூம்ல வோல்டேஜு ஏறும் எறங்கும், அதனால புது போர்டு எதையும் நாங்க சுவத்து கரண்டுல போட மாட்டோம். வெறும் போர்ட மேசை மேல வெச்சு, லேப்டாப்புலேந்து வர்ற கரண்டுலயே எழுதிடுவோம். நூத்துக்கணக்குல அப்படித்தான் எழுதிக்கீறோம், ஒண்ணு கூட தப்பானது இல்ல. அந்த டிக்கு ஒண்ணு இருக்கறதே எங்க ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு.

அறிவு இருந்தா அந்த டிக்க எடுத்திருக்கணும். நான் போர்டுக்கு வர்ற கரண்ட நிறுத்தினேன்.

"ரெண்டே நிமிஷம்தாண்டி."

டொக்குன்னு கான்டாக்டர் வெளிய வந்துச்சு. ப்ளோவர் சத்தம் எறங்கி எறங்கி நின்னுச்சு. தொட்டியில குமிழி ஒவ்வொண்ணா அடங்கி தண்ணி தட்டையா ஆயிடுச்சு. அந்த எடம் அம்மாம் அமைதியா இருக்கும்னு எனக்குத் தெரியாது. பிரிசில்லா தொட்டிய பாத்துகினு நின்னா.

லேப்டாப்புல பச்சை கோடு ஓட ஆரம்பிச்சுது. பழைய ப்ரோக்ராம் அழிஞ்சுது. புதுசு எழுதிச்சு. எழுதினது சரியான்னு திருப்பிப் படிச்சுது. பாதியில நின்னுடுச்சு. தப்புன்னு வந்துச்சு. மறுபடி அமுக்கினேன். மறுபடி தப்பு, இந்த வாட்டி வேற எடத்துல. ஒயர ஊதி சொருகினேன், யூஎஸ்பி ஓட்டைய மாத்தினேன். தப்பு. சரி, பழையபடி ஓட விடுவோம்னு போர்டுக்கு கரண்டு குடுத்தேன். டிஸ்ப்ளே வெறுமனே எரிஞ்சுது, ஒரு எழுத்து இல்ல. பழசு அழிஞ்சாச்சு, புதுசு ஏறல. சிப்புல ஒண்ணுமே இல்ல. ப்ளோவருக்கு உத்தரவு போட ஆளே இல்ல.

"பிரிசி, ஒரு நிமிஷம்டி..."ன்னு நான் திரும்பறதுக்குள்ள அவ என்ன தள்ளிட்டு பேனல் கிட்ட வந்துட்டா. கையில ஒரு கட்டை. கான்டாக்டருக்கு நடுவுல துருத்திகினு இருக்கற முனையில அத்த வெச்சு ரெண்டு கையாலயும் அமுக்கினா. டொக்குன்னு உள்ள போச்சு. ப்ளோவர் உறுமிக்கினு எடுத்துச்சு. தண்ணி மறுபடி பொங்குச்சு.

"இப்ப செய்"ன்னா.

கட்டைய வுட்டா கான்டாக்டர் வெளிய வந்துடும். அவ அமுக்கிகினே நிக்கணும். "வுடுடி, போர்டு இல்லாமலே ஓடற மாதிரி நான் ஒயர ஜம்பர் போட்டுடறேன்"னு சொன்னேன். அதுக்கு மெயின ஆஃப் பண்ணணும். உப்புத் தண்ணி கசியற பேனல்ல உசுரோட இருக்கற ஒயர்ல கை வெக்க எனக்கு தில்லு இல்ல. அவ தலைய ஆட்டினா.

"இன்னொரு வாட்டி நிறுத்தாத. இப்பவே குஞ்சுங்க மூச்சுக்கு மேல வர ஆரம்பிச்சுடுச்சுங்க. தாங்காது."

"நான் புடிச்சுக்கறேன், குடு."

"உனக்கு அந்த அழுத்தம் தெரியாது. நீ உன் வேலைய பாரு."

அந்த வார்த்தைய நான் அப்ப யோசிக்கல. தரையில குந்தினேன். லேப்டாப்பு மடியில. டிக்க எடுத்தேன். போர்டு அதோட சொந்த கரண்டுலயே ஓடட்டும், ப்ரோக்ராமர் எழுதற வேலைய மட்டும் பாக்கட்டும். அமுக்கினேன். பச்சை கோடு முக்காவாசி போச்சு. தப்பு. அடுத்தது கால்வாசியிலயே தப்பு. எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துச்சு. யார் மேல கோவப்படறதுன்னு தெரியாம லேப்டாப்ப திட்டினேன்.

கிருஷ்ணபிரசாத்துக்கு போன் போட்டேன்.

"டிக்க எடுத்தியோ?"ன்னான்.

"எடுத்துட்டேன்யா."

"மொதல்ல எடுக்கல, அப்படித்தானே?"

"இப்ப அத்த பேசறதுக்கா போன் பண்ணேன்?"

"கோவப்படாத ரெஜி. அந்த டப்பா லேப்டாப்புலேந்து கொஞ்சூண்டு கரண்டு வாங்கித் தர்றது. இங்க வெறும் போர்டு, போதும். அங்க டிஸ்ப்ளே, போனுக்கு சேதி அனுப்பற சிம் மாடம், தொட்டிக்குள்ள போட்ட சென்சார் எல்லாம் மாட்டிண்டிருக்கு. எல்லாம் சேந்து உறிஞ்சினா அஞ்சு வோல்ட் எப்படி அஞ்சா நிக்கும்? சரி, இப்ப சொந்த சப்ளையில வெச்சும் தப்புன்னா அந்த சப்ளைய அளந்து பாத்தியா?"

அளக்கல. பையில மீட்டர் கீது, நான் அளக்கல. ஏன்னா தப்பு ப்ரோக்ராம்லன்னு நான் ஊரப்பாக்கத்துலயே முடிவு பண்ணிட்டுத்தானே வந்தேன்.

வெச்சுப் பாத்தேன். சுவத்து கரண்ட பன்னெண்டு வோல்ட்டா மாத்திக் குடுக்கற தகர டப்பா ஒண்ணு, எஸ்எம்பிஎஸ்ன்னு சொல்லுவாங்க. பன்னெண்டு காட்டணும். ஒம்பதுல நின்னுகினு ஆடுது. பிரிசில்லா கை லேசா நடுங்கினா கான்டாக்டர் கடகடன்னு அடிக்குது, ப்ளோவர் ஒரு இழுப்பு இழுக்குது, இங்க எட்டுக்கு எறங்குது. டிஸ்ப்ளே மங்கி மங்கி எரியுது. நான் அந்த வெளிச்சத்தையே பாத்துகினு உக்காந்திருந்தேன்.

மோட்டார் எடுக்கறப்ப டிஸ்ப்ளே மங்கிப் பூடுதுக்கா. அவ சொன்னது அதான். அன்னிக்கே சொன்னா. என் ப்ரோக்ராம்ல ஒரு குத்தமும் இல்ல, இவளுங்க கையிலயும் ஈரம் இல்ல. மோட்டார் இழுக்கறப்போ இந்த டப்பா தாங்காம எறங்கும், சிப்பு செத்துப் பொழைக்கும், கான்டாக்டர் வுட்டுடும். டப்பாவுக்கு வர்ற கரண்ட மட்டும் நிறுத்திட்டு மூடிய தொறந்தேன். உள்ள பச்சையா உப்பு பூத்துக் கெடந்துச்சு. கெப்பாசிட்டர் ஒண்ணு மண்டை வீங்கிப் போயிருந்துச்சு. கடலோரத்துல வெக்கப் போறோம்னு தெரிஞ்சும் வழக்கமா வாங்கற சாதா டப்பாவையே வெச்சது நாங்கதான்.

"கிருஷ்ணா, சப்ளை போச்சு."

"போர்ட கழட்டி எடுத்துண்டு வந்துடு. இங்க எழுதிடலாம்."

"இவ இங்க கட்டையால புடிச்சுகினு நிக்கறாய்யா. நான் ஊரப்பாக்கம் போயிட்டு வர்ற வரைக்குமா நிப்பா?"

நான் போன வெச்சிட்டேன். எழுந்து நின்னேன், நடந்தேன், மறுபடி வந்தேன். நல்ல பன்னெண்டு வோல்ட்டு. ஆடாத பன்னெண்டு வோல்ட்டு, இந்த ஷெட்டு கரண்டோட சம்பந்தமே இல்லாதது. வாசல்ல ஸ்கூட்டி நின்னுகினு இருந்துச்சு.

"செங்கம்மா அக்கா, அந்த வண்டிய உள்ள தள்ளிகினு வா."

"வண்டியயா?"

"வண்டியதான். சீக்கிரம்."

ரெண்டு பேரும் ஸ்கூட்டிய தொட்டிங்களுக்கு நடுவுல உருட்டிக்கினு வந்தோம். பேட்டரி மூடிய கழட்டி ரெண்டு ஒயர் எடுத்தேன். எஸ்எம்பிஎஸ் ஒயர போர்டுலேந்து உருவிட்டு பேட்டரி ஒயர மாட்டினேன். சிம் மாடத்த கழட்டி தூக்கிப் போட்டேன். மீட்டர் பன்னெண்டரை காட்டுச்சு. ப்ளோவர் எப்படி இழுத்தாலும் அந்த நம்பரு அசையல. எனக்கு அப்ப அந்த ஸ்கூட்டிய கட்டிப் புடிச்சு முத்தம் குடுக்கணும்போல இருந்துச்சு.

பிரிசில்லா மூஞ்சியில வேர்வை வழிஞ்சு கண்ணுல எறங்குது, தொடைக்க கை இல்ல. செங்கம்மா முந்தானையால தொடச்சு வுட்டாங்க. கர்ச்சீப்புல ரத்தம் கசிஞ்சிருந்துச்சு.

அமுக்கினேன். அழிச்சுது. எழுதிச்சு. படிச்சுது. பச்சை கோடு கடைசி வரைக்கும் போய் நின்னுச்சு. சரின்னு வந்துச்சு.

ஒயர உருவினேன். டிஸ்ப்ளேல எழுத்து வந்துச்சு. போர்டுலேந்து டிக்குன்னு சின்ன சத்தம். கான்டாக்டர் இப்ப தானா இழுத்துப் புடிச்சிருக்கும், அவ கைக்கே அது தெரிஞ்சிருக்கும்.

"வுடுடி, ஏறிடுச்சு."

அவ வுடல.

"பிரிசி, கைய எடு. அது புடிச்சுகிச்சு."

"மாட்டேன். போன வாட்டியும் இப்படித்தான் புடிச்சுது. கைய எடுத்து தொட்டி கிட்ட போறதுக்குள்ள வுட்டுடுச்சு."

"எந்தப் போன வாட்டி?"

நான் அப்பதான் அந்தக் கட்டைய பாத்தேன். சரியா கான்டாக்டர் முனைக்கு ஏத்த மாதிரி நுனிய செதுக்கி, கை வெக்கிற எடத்துல சைக்கிள் ட்யூப் சுத்தி, மேல ஓட்டை போட்டு நைலான் கயிறு கோத்திருந்துச்சு. பேனலுக்கு அந்தப் பக்கம் மறைவா சுவத்துல அத்த மாட்டறதுக்குன்னே ஒரு ஆணி. ட்யூப்பு தேஞ்சு உள்ள இருந்த கட்டை தெரிஞ்சுது. அவசரத்துக்கு எங்கேந்தோ பொறுக்கின கட்டை இல்ல அது.

நான் செங்கம்மாவ பாத்தேன். அவங்க பிரிசில்லாவ ஒரு வாட்டி பாத்துட்டு, "அதா? உன் போர்டு வந்த மொத மாசத்துலேந்தே கீதும்மா"ன்னாங்க. "ராவுல கூட வூட்டுக்குப் போவாது இந்தப் பொண்ணு. இங்கியே பாய் போட்டு படுத்துக்கும். சத்தம் நின்னா எழுந்து ஓடியாந்து குத்திகினு நிக்கும்."

"அப்ப ரெண்டாம் தொட்டி?"

பிரிசில்லா கான்டாக்டரையே பாத்துகினு சொன்னா. "அன்னிக்கு அம்மாவுக்கு ஜுரம்னு வூட்டுக்குப் போயிருந்தேன்."

"தீனி போட்டேன்னு சொன்னியேடி."

"போர்டு நின்னுச்சுன்னு சொன்னா அவரு அன்னிக்கே அத்த பேத்து வெளிய எறிஞ்சிருப்பாரு. கடலோரத்துல உனக்கு இது மொத வேலைக்கா."

காச்சு காச்சுன்னு காச்சினேனே, பொறுப்பு வேணாமான்னு கேட்டேனே, அது அத்தினியும் என் காதுலயே திரும்பி வந்துச்சு. அவ கிட்ட போய் அவ விரல ஒவ்வொண்ணா கட்டையிலேந்து பிரிச்சு எடுத்தேன். கான்டாக்டர் அப்படியே உள்ளயே நின்னுச்சு. ப்ளோவர் ஓடிக்கினே இருந்துச்சு. அவ தரையில உக்காந்துட்டா. நானும் பக்கத்துல உக்காந்து அழுதேன். அவ அழல. கொஞ்ச நேரம் அந்த சத்தத்தையே கேட்டுக்கினு இருந்துட்டு எழுந்து நாலாம் தொட்டிக்கு ஓடினா.

வெள்ளை பேசின்ல தண்ணிய மொண்டு விரலால சுத்தி வுட்டா. தெம்பா இருக்கற குஞ்சு சுழலுக்கு எதிரா நீந்தும், துவண்டு போனது நடுவுல வந்து குமியும். அப்படித்தான் பாப்பாங்களாம். நடுவுல ஒரு சின்ன குமியல். மீதி எல்லாம் ஓரத்துல, மயிரு மயிரா, சுழல எதுத்துகினு நின்னுச்சுங்க. மறுபடி மொண்டா, தொட்டியோட வேற மூலையில. அங்கயும் அப்படியே.

"பொழச்சுக்கும்"னா. அதுக்கப்புறம்தான் அவளுக்கு கண்ணுல தண்ணி வந்துச்சு.

ஓனரு பார்த்தசாரதி வாங்கறவர இட்டுகினு உள்ள வந்தாரு. வந்தவரு மொதல்ல கேட்டது, "ஷெட்டுக்குள்ள ஸ்கூட்டி ஏன் நிக்குது?" பிரிசில்லா என்னவோ சொல்ல வாயெடுத்தா. நான் முந்திகினேன்.

"சார், எங்க போர்டோட பவர் சப்ளை உப்புல வீணாப் போச்சு. அதனாலதான் அடிக்கடி நின்னுச்சு. ரெண்டாம் தொட்டி செத்ததும் அதனாலதான். தீனியால இல்ல. தப்பு எங்களுது."

"ரெஜினா"ன்னா பிரிசில்லா, பல்ல கடிச்சுகினு. அவ என்ன பேரு சொல்லி கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல.

பார்த்தசாரதி கத்துவாருன்னு நெனச்சேன், கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவரு பிரிசில்லா பக்கம் திரும்பி, "அப்ப தீனி கணக்கு சரியாத்தான் இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ தலைய குனிஞ்சுகினு ஆமாம்னு ஆட்டினா. வாங்க வந்தவரு பேசின எடுத்து தண்ணிய சுத்திப் பாத்துகினு, இந்த தொட்டியில உப்பு எவ்ளோ, எப்ப அனுப்பலாம்னு ஓனர கேட்டாரு. ஓனரு, "என்ன கேக்காதீங்க, பிரிசில்லா மேடத்த கேளுங்க. ஷெட்டு அவங்க பொறுப்பு"ன்னு சொல்லிட்டு வெளிய போனாரு. போறப்போ என் கிட்ட, "பொழுது சாயறதுக்குள்ள அந்த பேனல் ஒழுங்கா இருக்கணும்மா. இல்லன்னா நீயே கழட்டி எடுத்துகினு போயிடு"ன்னாரு. சரின்னேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் ஏது?

புதுப்பட்டினம் பஜாருல சிசிடிவி கடையில அதே பன்னெண்டு வோல்ட்டு டப்பா கெடைக்கும். கேமராவுக்குப் போடறது, ஆனா நல்லா மூடி தண்ணி போகாம அடைச்சது. ஷேர் ஆட்டோ புடிச்சுப் போய் அத்த வாங்கினேன். எலக்ட்ரிக் கடையில ஒரு மேனுவல் சுவிட்சும் வாங்கினேன். வந்து, மெயின ஒரே ஒரு தபா, பிரிசில்லா பக்கத்துல நின்னு சரின்னு சொன்னப்புறம் நிறுத்தி, ரெண்டையும் மாட்டினேன். இந்த வாட்டி ரெண்டு நிமிஷம்னு நான் சொல்லல. எவ்ளோ ஆவும்னு அவ கேட்டா, முடிஞ்சப்போ சொல்றேன்னேன். ஸ்டாண்ட்பைய ஓட வுட்டுகினு இந்த ப்ளோவர ஆறேழு தடவ நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். மீட்டர் பன்னெண்டுலேந்து நகரல. டிஸ்ப்ளே மங்கல. லேப்டாப்ப தொறந்து அந்த டிக்கு இனிமே தானா வுழாத மாதிரி மாத்தி வெச்சேன், கிருஷ்ணபிரசாத்துக்கும் அதே மாதிரி பண்ணச் சொல்லி மெசேஜ் போட்டேன்.

சாமான்லாம் பைக்குள்ள போட்டப்போ அந்தக் கட்டை கண்ணுல பட்டுச்சு. அத்த பாக்க எனக்கு ஆவல. எடுத்து பைக்குள்ள சொருகப் போனேன்.

பிரிசில்லா வந்து என் கையிலேந்து வாங்கிக்கினா. கோவமா இல்ல, சாதாரணமாத்தான். பேனலுக்கு அந்தப் பக்கம் போய் ஆணியில மாட்டினா.

"இனிமே வேணாம்டி. சுவிட்சு வெச்சிருக்கேனே."

"இருக்கட்டும்கா."

அவ்ளோதான் சொன்னா. அப்பால தீனி போட நேரமாச்சுன்னு தொட்டிக்குப் போயிட்டா.

நான் அங்கயே நின்னேன். அவ மேல கோவப்பட எனக்கு ஒரு காரணமும் இல்ல. கட்டைய தொட்டுப் பாத்தேன், ஆணி லேசா ஆடுச்சு, எத்தினி வாட்டி அவசரமா இழுத்திருந்தா அது அப்படி ஆடும். பைக்குள்ளேந்து சுத்தியல எடுத்து அந்த ஆணிய நல்லா ஆழமா அடிச்சு இறுக்கினேன்.